காவேரிப்பட்டணத்திலிருந்து சோம்கோ ஏரிக்கு: அத்தையோடு ஒரு பனி நாள்

எங்கள் வீட்டில் பனி என்றால் மாம்பூவுக்கு ஆகாத ஒன்று. மார்கழி, தை மாதங்களில் தோப்பு பூவெடுக்கும் சமயத்தில் விடிய விடியப் பனிமூட்டம் இறங்கினால் மாமாவுக்குத் தூக்கம் வராது. தத்துப்பூச்சி சேரும், சாம்பல் நோய் விழும், பூ கருகி உதிரும். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லிக்கொண்டே அத்தை தலையில் துண்டைச் சுற்றி வாசல் தெளிப்பார். எங்களுக்குத் தெரிந்த பனி அவ்வளவுதான். ஆனால் அதே அத்தைக்கு, டிவியில் பார்க்கிற வெள்ளைப் பனியை ஒரு தடவை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. வாய்விட்டுக் கேட்டதில்லை. டிவியில் பனிமலை வந்தால் அரிந்துகொண்டிருக்கும் காயை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த எண்ணம் வந்தது.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய அரையாண்டு விடுமுறையில் நான், வீட்டுக்காரர், மகள், அத்தை, மாமா என ஐந்து பேர் சிக்கிம் போய்வந்தோம். மொத்தம் ஆறு நாள். அதில் சோம்கோ ஏரிக்குப் போன ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு நம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் கஷ்டமான நாள், அதுதான் நல்ல நாளும்.

முதலில் உயரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர். சிக்கிம் தலைநகர் காங்டாக் 1,650 மீட்டர், அதாவது ஏற்காட்டைவிடக் கொஞ்சம் கூட. அங்கே போய் இறங்கியபோது யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஊட்டிக் குளிர் மாதிரிதான் இருந்தது. ஆனால் சோம்கோ ஏரி 3,753 மீட்டர். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். காங்டாக்கிலிருந்து ஏரிக்கு வெறும் 40 கிலோமீட்டருக்குள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற தூரம்கூட இல்லை. அந்தத் தூரத்துக்குள் வண்டி 2,000 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடுகிறோம் என்பதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "ஒரு நாள் டூர்தானே" என்கிறார்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. ஒரு நாள் என்பதற்காக உடம்பு அதை மன்னித்துவிடாது.

மாமாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே இருவரையும் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, போகலாம், ஆனால் முதல் இரண்டு நாள் காங்டாக்கிலேயே தங்கி, மூன்றாம் நாள்தான் மேலே ஏற வேண்டும் என்றார். மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. தலைவலி, வாந்தி, தலைசுற்றல் வந்தால் சமாளித்துப் பார்க்காமல் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். உயரத்துக்குப் போகிறவர்கள் முன்னெச்சரிக்கையாக எடுக்கும் ஒரு மாத்திரை உண்டு. அது எல்லோருக்கும் ஒத்துவராது, சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் அதை அவசியம் சொல்ல வேண்டும் என்றார். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள்.

அப்புறம் துணி. இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எந்தத் துணியும் சூடு தருவதில்லை. நம் உடம்புச் சூடு வெளியே போகாமல் பிடித்து வைக்கிறது. உண்மையில் பிடித்து வைப்பது துணிகூட இல்லை, துணிக்கு நடுவில் அசையாமல் நிற்கிற காற்று. அதனால் ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட, மெல்லிதாக மூன்று அடுக்கு போடுவது நல்லது. உடம்பை ஒட்டி ஒரு தெர்மல் (குளிருக்கான உள்ளாடை), அதன் மேல் கம்பளியோ, கம்பளி மாதிரி மெத்தென்று இருக்கிற ஃபிளீஸ் என்ற செயற்கைத் துணியோ, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத பாராசூட் துணியில் ஒரு ஜாக்கெட். உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் போடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்குப் பருத்திதான் தெய்வம், வியர்வையைக் குடித்து மெல்ல ஆற்றிக் குளிர்ச்சி தரும். அதே குணம் பனியில் நமக்கு எதிரி. நனைந்த பருத்தி லேசில் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸும் பருத்திதான். வீட்டுக்காரர் சொல்லச் சொல்லக் கேட்காமல் ஜீன்ஸ் போட்டு வந்தார். பனியில் ஒரு முறை முட்டி போட்டு மகளைப் படம் எடுத்தார். அதன்பின் காங்டாக் திரும்பும்வரை அவருக்கு முழங்கால் விறைத்தே இருந்தது.

அத்தை சேலை தவிர வேறு கட்டியதில்லை. "சுடிதாரெல்லாம் எனக்கு வேணாம் கண்ணு, இந்த வயசுல" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. பாவாடைக்குப் பதிலாக, தெர்மல் கால்சட்டைக்கு மேலே ஃபிளீஸில் ஒரு பேன்ட் தைத்தேன், இடுப்பில் நாடா வைத்து. சேலையைக் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலேயே நிற்கும்படி கட்டிவிட்டேன். சேலைக் கரை பனியில் புரண்டு நனைந்தால் அந்த ஈரம் மேலே ஏறிக்கொண்டே வரும், அதற்காகத்தான். ரவிக்கைக்குள்ளே முழுக்கை தெர்மல். பார்ப்பதற்கு அத்தை அத்தையாகவே இருந்தார், குளிரும் தெரியவில்லை. கழிப்பறைக்குப் போகும்போது அவிழ்க்கவும் கட்டவும் சிரமப்படக் கூடாது என்பதையும் யோசித்தே நாடா வைத்தேன். ஏரிக்கரையில் கட்டணக் கழிப்பறை இருக்கிறது, ஆனால் குளிரில் குழாய்த் தண்ணீர் உறைந்து போயிருந்தது. டிஷ்யூ காகிதமும், கையில் ஒரு பாட்டில் தண்ணீரும் இல்லாமல் பெண்கள் போக வேண்டாம். அங்கே கழிப்பறை கஷ்டம் என்று பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள் நம் பெண்கள். அது இன்னும் மோசம். உயரத்தில் உடம்பில் நீர் குறைந்தால் தலைவலி சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். சிக்கிமில் 2022 ஜனவரி முதல் பாட்டில் தண்ணீர் விற்பனைக்குத் தடை. அதனால் விடுதியிலேயே ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பிக்கொண்டோம்.

காலுறை விஷயத்தில் பலரும் ஒரு தப்பு செய்கிறார்கள். குளிருமே என்று இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு இறுக்கமான ஷூவுக்குள் காலைத் திணிக்கிறார்கள். இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், நடுவில் காற்று நிற்கவும் இடமிருக்காது, விரல் இன்னும் சில்லிட்டுப் போகும். ஒரே ஜோடி கம்பளி சாக்ஸ், விரலை அசைக்க இடம் இருக்கிற ஷூ, அதுவே போதும்.

ஏரிக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். சீன எல்லைக்குப் பக்கத்துப் பகுதி என்பதால் நாமாகப் போய்விட முடியாது. முந்தின நாளே விடுதி மூலமாகவோ பயண முகவர் மூலமாகவோ வாங்க வேண்டும். வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் அளவு புகைப்படம், மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கொடுத்தோம். அட்டைகளின் நகல் வைத்திருந்த நான் புகைப்படங்களை ஊரிலேயே மறந்துவிட்டேன். முதல் நாள் மாலை எம்.ஜி. மார்க் கடைத்தெருவில் ஸ்டுடியோ தேடி ஐந்து பேரும் வரிசையில் நின்று எடுத்தோம். ஆளுக்கு நான்கு படம் ஊரிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள். சிக்கிம் பதிவெண் வண்டிதான் அந்தப் பாதையில் போகலாம், அதனால் வாடகை ஜீப். சோம்கோ, ராணுவ வீரர் ஒருவரின் நினைவாக உள்ள பாபா மந்திர் கோயில், சீன எல்லையில் இருக்கிற நாதுலா கணவாய் மூன்றையும் ஒரே நாளில் காட்டுவதாகத்தான் பெரும்பாலும் பேசுவார்கள். நாதுலாவுக்குத் தனி அனுமதி. திங்கள், செவ்வாய் அங்கே பார்வையாளர்களுக்கு விடுமுறை. நாங்கள் புதன்கிழமைக்கு மூன்றுக்கும் சேர்த்தே பணம் கட்டினோம்.

மாமாவுக்கு நாதுலா முக்கியம். அவருடைய தம்பி ராணுவத்தில் இருந்தவர், சில காலம் சிக்கிம் பக்கம் இருந்தார். அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. "அவன் நின்ன எடத்த ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்" என்று சொல்லித்தான் மாம்பூ நேரத்திலும் மாமா வரச் சம்மதித்தார்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். சோதனைச் சாவடியில் சீட்டைக் காட்டிவிட்டு ஏற ஆரம்பித்ததும் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். முன்னாலும் பின்னாலும் ராணுவ லாரிகள். இரண்டு நாளுக்கு முன்புதான் பனி பெய்திருந்தது. முதலில் நிழல் விழும் ஓரங்களில் மட்டும் சுண்ணாம்பு கொட்டினமாதிரி இருந்தது, பிறகு பாறை முழுக்க. அத்தை கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில் படாத வளைவுகளில் சாலை மேல் கண்ணுக்கே தெரியாமல் ஐஸ் படிந்திருக்கும் என்றார் ஓட்டுநர். ஓர் இடத்தில் நிறுத்தி டயருக்குச் சங்கிலி மாட்டினார். மகள் அவசரப்பட்டாள். "அவரு எவ்வளவு நேரம் வேணா எடுத்துக்கட்டும்" என்றார் மாமா. எனக்கும் அதுதான் மனதில் ஓடியது. கிளம்புவதற்கு முன்பே இந்தச் சாலையைப் பற்றிப் படித்திருந்தேன். 2018 டிசம்பர் 28 அன்று திடீர்ப் பனிப்பொழிவில் 2,000-க்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் இங்கே சிக்கிக்கொள்ள, ராணுவம்தான் மீட்டுத் தங்க வைத்தது. 2023 ஏப்ரல் 4 அன்று இதே சாலையில் பனிச்சரிவு விழுந்து 7 பேர் இறந்தார்கள். ஓட்டுநரோ சாவடியில் இருப்பவரோ "இதற்கு மேல் வேண்டாம்" என்றால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். கூடப் பணம் தருகிறோம் என்று யாரும் கெஞ்சக் கூடாது.

வழியில் ஒரு கடையில் பனி பூட்ஸ் வாடகைக்கு எடுத்தோம். அவசரத்தில் நான் எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. அத்தைக்குக் கொடுத்ததில் இடது பூட்ஸின் அடியில் கீறல் இருந்திருக்கிறது. வாங்கும்போதே உள்ளே கைவிட்டு ஈரம் இருக்கிறதா, அடியை வளைத்துப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு, மாற்று சாக்ஸை நான் பையில் வைத்திருந்தது நல்லதாகப் போனது. நனைந்ததைக் கழற்றி, காலைத் துடைத்து, புது சாக்ஸ் மாட்டி, அதன் மேல் ஒரு பாலிதீன் கவரைச் சுற்றி மறுபடி பூட்ஸுக்குள் விட்டேன். அப்புறம் ஈரம் ஏறவில்லை.

ஏரியைப் பார்த்தபோது பத்தேகால் மணி. வெள்ளை மலைகளுக்கு நடுவே நீளமாக, முட்டை வடிவத்தில். ஓரமெல்லாம் உறைந்து வெண்மை, நடுவில் மட்டும் கருநீலத் தண்ணீர். ஒரு கிலோமீட்டர் நீளம் இருக்கும். நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையைப் பார்த்த கண்ணுக்கு அது பெரிய நீர்ப்பரப்பு இல்லை. ஆனால் அந்த அமைதியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அத்தை வண்டியை விட்டு இறங்கியதும் குனிந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு கைப்பிடி பனியை அள்ளினார். "உப்பு மாரி நறநறன்னு இருக்கு" என்றார். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கை சிவந்து போனது. போதும் அத்தை, கையுறையைப் போடுங்கள் என்று நான்தான் தட்டிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்ததற்காகவே இந்தப் பயணத்தை இன்னொரு தடவை செய்வேன்.

மகள் உறைந்த ஓரத்தில் காலை வைக்கப் போனாள். ஓட்டுநர் ஓடிவந்து இழுத்தார். மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் எங்கே மெல்லியதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஏரி 15 மீட்டர் ஆழம்வரை போகிறது. "அப்ப உள்ள இருக்கிற மீனெல்லாம் செத்துடாதா?" என்று கேட்டாள். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும், அது அடியில் தங்கிவிடும், அதைவிடக் குளிர்ந்தது மேலே மிதந்து உறையும். அதனால் ஏரி மேலிருந்துதான் மூடும், அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும் என்றேன். பாடப் புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதியதுதான் இது. அவள் பையிலிருந்த சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருந்ததையும் காட்டினேன். வெளியே அழுத்தம் குறைந்ததால் உள்ளே இருந்த காற்று விரிந்துவிட்டது. கடையில் குடித்த டீ கொதிக்கக் கொதிக்க ஊற்றியும் நம் ஊர் டீ அளவுக்குச் சூடாக இல்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்.

மாமா ஏரியைவிட யாக்குகளைத்தான் அதிக நேரம் பார்த்தார். கொம்புக்கு வண்ண நூல் சுற்றி, முதுகில் பூப்போட்ட விரிப்பு போட்டு நிறுத்தியிருந்தார்கள். எருது விடும் விழாவுக்கு மாட்டை அலங்கரித்த கை அவருடையது. ஒரு யாக்கின் வயிற்றடியில் தொங்கும் முடியைத் தடவிப் பார்த்து, "இது போர்வையைக் கட்டிட்டே பொறந்திருக்குது" என்றார். தீனி என்ன என்று சைகையிலேயே கேட்டார், உரிமையாளரும் சைகையிலேயே பதில் சொன்னார். இருவருக்கும் புரிந்துவிட்டது.

இந்தச் சந்தோஷத்தில்தான் நான் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். டீ வந்தபோது அத்தை வேண்டாம் என்றார். அத்தை டீ வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போதே எனக்குப் பொறிதட்டியிருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், கடை பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "ஒண்ணுமில்ல கண்ணு, வெள்ளையா பாத்து கண்ணு கூசுது" என்கிறார். கண் கூசுவதும் உண்மைதான். புதுப் பனி வெயிலை அப்படியே திருப்பி அடிக்கும், கறுப்புக் கண்ணாடி எல்லோருக்கும் அவசியம். ஆனால் அது காரணமில்லை. நான் விடாமல் கேட்ட பிறகுதான் சொன்னார். வண்டியில் வரும்போதே, கடைசி அரை மணி நேரமாகத் தலைவலி. இப்போது குமட்டல். "உங்க மாமா எல்லைய பாக்கணும்னு எவ்வளவு ஆசையா வந்தாரு. நான் சொன்னா திரும்பிடுவீங்க."

தலைவலி வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று ஊரிலேயே பேசி வைத்திருந்தோம். அத்தையும் தலையாட்டினார். இருந்தும் சொல்லவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள், அதிலும் பெண்கள், தன்னால் மற்றவர்கள் சந்தோஷம் கெட்டுவிடக் கூடாது என்று எதையும் உள்ளேயே வைத்துக்கொள்வார்கள். ஊரில் அது பொறுமை. 3,753 மீட்டரில் அது ஆபத்து. அதனால் "சொல்லுங்க" என்று விட்டுவிடாதீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை நீங்களே கேளுங்கள். "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். தலை வலிக்கிறதா, குமட்டுகிறதா, பத்தடி நேராக நடந்து காட்டுங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பேச்சுக் குறைகிறதா, சாப்பாடு வேண்டாம் என்கிறார்களா என்று பாருங்கள்.

நாதுலா 4,310 மீட்டர். ஏற்கெனவே தலைவலி உள்ளவரை இன்னும் மேலே கொண்டுபோகவே கூடாது. வண்டியில் சிறிய ஆக்சிஜன் டப்பா இருந்தது. ஓட்டுநர் எடுத்துக் கொடுத்தார். உறிஞ்சியதும் கொஞ்சம் தெளிவு வந்தது. "இதை வெச்சிட்டு மெதுவா மேல போயிடலாமா?" என்றார் வீட்டுக்காரர். மாமாவுக்காகத்தான் கேட்டார், எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த டப்பா சில நிமிடத்துக்குத்தான். அது தீர்ந்ததும் உயரம் உயரம்தான். இறங்குவதுதான் மருந்து. சிலர் கற்பூரத்தைக் கைக்குட்டையில் முடிந்து முகரச் சொல்வார்கள். வாசம் ஆறுதலாக இருக்கலாம், அதை நம்பி மேலே ஏறாதீர்கள்.

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். அவர் அதற்குள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். "கெளம்பலாம்மா. இவ தலைய புடிச்சிட்டு உக்காந்திருக்கா, நான் மேல போயி என்னத்த பாக்கறது?" என்றார். அப்புறம் மலைப்பக்கம் திரும்பி, சாலை ஏறிப் போகிற வளைவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு ராணுவ லாரி மேலே போனது. அது மறையும்வரை நின்றுவிட்டு வண்டியில் ஏறினார்.

பதினொன்றரைக்கெல்லாம் இறங்க ஆரம்பித்துவிட்டோம். கட்டிய பணத்தில் நாதுலா பங்கு திரும்பக் கிடைக்கவில்லை. இனி போவதாக இருந்தால் சோம்கோவுக்கு ஒரு நாள், உடம்பு ஒத்துக்கொண்டால் நாதுலாவுக்கு இன்னொரு நாள் என்று தனித்தனியாகத்தான் வைப்பேன். ஒரே நாளில் மூன்று இடம் என்று கட்டிவிட்டால், பணம் போகிறதே என்ற நினைப்பு யாரையும் வாய் திறக்க விடாது.

ஒரு மணி நேரம் இறங்கியதும் அத்தை கண்ணைத் திறந்து வெளியே பார்த்தார். காங்டாக் வந்தபோது குமட்டல் சுத்தமாக இல்லை. விடுதியில் சோறும் பருப்பும் கேட்டுச் சாப்பிட்டார். மூன்று மணிக்கு மேல் மலையை மேகம் மூடிவிட்டது, மேலே பனி பெய்கிறது என்றார்கள். நாங்கள் திட்டப்படி போயிருந்தால் அந்த நேரத்தில் நாதுலாவிலிருந்து இறங்கிக்கொண்டிருப்போம்.

ஊருக்கு வந்த பிறகு அந்தத் துணிகளையெல்லாம் துவைத்து, வேப்பிலை போட்டு, கடையில் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். ஐந்து பேருக்கான ஜாக்கெட், தெர்மல், கையுறை, அத்தையின் நாடா வைத்த பேன்ட் எல்லாம். நம் ஊரில் வருடத்துக்கு ஒரு நாள்கூட அவற்றுக்கு வேலை இல்லை. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் பிப்ரவரியில் மணாலிக்கு எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தது. அந்த அக்கா வாங்க வந்தபோது அத்தைதான் பெட்டியைத் திறந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவரோடு வந்திருந்த மாமியாரைத் தனியாக உட்கார வைத்து, "தல வலிச்சா சொல்லிடு, என்ன மாரி வாய மூடிட்டு இருக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.